எட்டு ஸ்டூல்

டிசம்பர் 30, திங்கள்

இந்த நோட்டு பனியன் கம்பெனியில் கொடுத்தது. பக்கத்துக்குப் பக்கம் மேலே ‘செக்கிங் ரிப்போர்ட்’ என்று அச்சடித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது என்று மூன்று கட்டம் போட்டிருக்கும். நான் கட்டத்தை மதிக்காமல் குறுக்கே எழுதுகிறேன். கேப்டன் ஆனவள் எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும் என்று எங்கள் வீட்டுக்காரர் கிண்டலுக்குச் சொன்னார். ருக்குமணி நிஜமாகவே எழுத உட்காருவாள் என்று அவருக்குத் தெரியவில்லை.

விஷயம் இதுதான். பொங்கல் லீவு விடுகிற ஞாயிற்றுக்கிழமை, ஜனவரி 12, கம்பெனியில் விளையாட்டு விழா. பெண்களுக்குக் கயிறு இழுக்கும் போட்டி. எங்கள் செக்கிங் பிரிவும் தையல் பிரிவும் மோதுகிறோம், பக்கத்துக்கு எட்டுப் பேர். சின்ன முதலாளி இன்று மைக்கில் அறிவித்தார்: ஜெயிக்கிற பிரிவு தனக்கென்று ஏதாவது ஒன்று கேட்கலாம், கேட்டதை வாங்கித் தருவாராம்.

தையல்காரிகள் பாட்டுப் பெட்டி கேட்கப் போகிறார்களாம். நாங்கள் எட்டுப் பேர் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டோம். எல்லோர் மனசிலும் இருந்தது ஸ்டூல்தான். தைக்கிறவர்களுக்கு உட்கார்ந்த வேலை. தைத்து வந்த பனியனை மேஜையில் விரித்து, திருப்பி, ஓட்டை கறை பார்த்து, டஜன் டஜனாகக் கட்டுவது எங்கள் வேலை. காலை எட்டரைக்கு நின்றால் ராத்திரி எட்டரைக்குத்தான் கால் நகரும்.

எனக்காகச் சொல்லவில்லை. சின்னப் பெண்கள் இருக்கிறார்கள், பாவம்.

டிசம்பர் 31, செவ்வாய்

யார் எங்கே நிற்பது என்று முடிவு செய்தோம். முன்னால் அமலி. தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைப் பெண். அவளும் அவள் ஊர்க்காரிகள் மூன்று பேரும் சின்ன வயதில் வலை இழுத்தவர்கள். அடுத்து தனபாக்கியமும் மற்ற இரண்டு பேரும். அவர்கள் என்னைப் போல அவினாசிப் பக்கம். கயிற்றின் நுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டு கடைசியில் நிற்பது நான்.

“கடைசில நிக்கதுதான்க்கா நங்கூரம். அசையவே கூடாது. உங்களால முடியும்லா?” என்று அமலி கேட்டாள்.

பதினோரு வருஷமாக அசையாமல் நிற்கிறவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது!

ஜனவரி 1, புதன்

புத்தாண்டு. வேலை உண்டு. ஆளுக்கொரு துண்டு கேக். வரும் வழியில் மருந்துக் கடையில் பேண்டேஜ் துணி ஒரு சுருள் வாங்கினேன். கயிறு கையை அறுக்கும் அல்லவா, அதற்கு.

ஜனவரி 2, வியாழன்

சாப்பாட்டு இடைவேளையில் முதல் பயிற்சி. எதிர்ப்பக்கம் இழுக்க ஆள் இல்லை என்பதால் லாரி நிற்கிற இடத்து வேப்ப மரத்தில் கயிற்றைக் கட்டினோம். இருபது நிமிஷம் இழுத்தோம். மரம் ஜெயித்தது.

அதைவிட மோசம், எங்களுக்குள்ளேயே சண்டை. நான் “ஐலசா” என்று குரல் கொடுத்தேன். அமலி கூட்டம் குரல் கிளம்பும்போதே இழுத்துவிட்டது. நாங்கள் நான்கு பேர் குரல் முடிந்த பிறகு இழுத்தோம். முன்னால் இருப்பவர்கள் மூச்சு வாங்கும்போது பின்னால் இருப்பவர்கள் இழுக்கிறோம், பின்னால் இருப்பவர்கள் நிமிரும்போது முன்னால் இருப்பவர்கள் குனிகிறார்கள்.

“சத்தத்தோடயே இழுக்கணும்க்கா. இல்லன்னா வல அலைக்குப் போயிரும்” என்றாள் அமலி.

தனபாக்கியம் விடுவாளா? “நாங்க அவினாசித் தேரு இழுத்தவங்க. அரோகரா சொல்லி முடிச்சு, மூச்சப் புடிச்சு, அப்பறம்தான் வடத்துல கை வெப்போம். நீ வேண்ணா தேரக் கடல்ல உட்டுக்க.”

இப்படியாகத் தேர்க் கட்சி, வலைக் கட்சி என்று இரண்டாகப் பிரிந்து சோறு தின்னப் போனோம். ரசம் கூடப் பரிமாறிக்கொள்ளவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு கட்சியையும் அந்த மரத்திலேயே கட்டி வைத்திருப்பேன்.

ஜனவரி 4, சனி

வேவு பார்த்தேன். கேப்டன் என்றால் இதெல்லாம் செய்துதான் ஆக வேண்டும்.

தையல் பிரிவின் கேப்டன் ஓவர்லாக் மிஷின் கோமளம். குரலும் ஆளும் பெரிசு. அவர்கள் பேக்கிங் ஆண்களோடு இழுத்துப் பழகினார்கள். தண்ணீர் பிடிக்கிற சாக்கில் குழாயடியில் நின்று முழுவதும் பார்த்தேன். குடம் வழிந்து செருப்பு நனைந்ததுதான் மிச்சம் என்று யாரும் சொல்ல முடியாது, ஏனென்றால் நான் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன்.

விசில் ஊதின உடனே அவர்கள் பேய் பிடித்தது போல இழுக்கிறார்கள். அரை நிமிஷம். அதற்குள் ஜெயித்தால் ஜெயித்தார்கள். அதற்கு மேல் போனால் கோமளத்துக்கு முகம் சிவந்து, பின்னால் இருக்கிறவள் தோளை உதற ஆரம்பிக்கிறாள். பீஸுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற பீஸ் ரேட் உடம்பு. எதையும் சீக்கிரம் முடித்துப் பெட்டியில் போட்டுத்தான் பழக்கம்.

நாங்கள்? எங்களுக்கு இழுக்கத் தெரியாது. தூக்கத் தெரியாது. எங்களுக்குத் தெரிந்த ஒரே வித்தை நிற்பது. அதனால் திட்டம் இதுதான்: முதலில் இழுக்கவே கூடாது. குதிகாலை மண்ணில் ஊன்றிச் சும்மா நிற்க வேண்டும். அவர்கள் இழுத்து ஓயட்டும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

உட்காருவதற்காக நிற்கப் போகிறோம். தனபாக்கியத்திடம் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது.

ஜனவரி 5, ஞாயிறு

துணி துவைத்தேன். தக்காளிக் குழம்பு. மத்தியானம் சித்த நேரம் படுத்தேன். இரண்டு தலையணை போட்டு அதன் மேல் கால் வைத்துப் படுத்தேன். ஃபேன் காற்று அந்த உயரத்தில்தான் நன்றாக வருகிறது.

வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். “ஏனம்மிணி, டாக்டர்கிட்ட ஒருவாட்டி காட்டிப் போடலாமா?” என்றார். எதைக் காட்டுவது, ஃபேனையா என்று கேட்டேன். தன் ஆட்டோவைத் துடைக்க வெளியே போய்விட்டார். இந்த மனிதருக்கு எப்போது எதைப் பேசுவது என்று தெரியாது.

ஜனவரி 7, செவ்வாய்

கண்டுபிடித்தாகிவிட்டது! தேரும் வேண்டாம், வலையும் வேண்டாம்.

காலையில் தனபாக்கியம் சத்தமாகப் பீஸ் எண்ணிக்கொண்டிருந்தாள். “லாபம், ரெண்டு, மூணு, நாலு…” ஒன்று என்று யாரும் இங்கே எண்ணுவதில்லை, லாபம் என்றுதான் தொடங்குவோம். அவள் எண்ண எண்ண, பக்கத்து மேஜையில் அமலியின் கையும் அதே கணக்கில் ஓடியது. அதற்கடுத்த மேஜையிலும். பன்னிரண்டு என்றதும் எல்லோரும் ஒரே நேரத்தில் டஜனை அணைத்து, நாடாவைச் சுற்றி, வெடுக்கென்று ஒரு இழு இழுத்து முடிச்சுப் போட்டார்கள். எட்டுப் பேர், ஒரே இழுப்பு!

நான் கையிலிருந்த பனியனைக் கீழே போட்டுவிட்டு “அதேதான், அதேதான்!” என்று கத்தினேன். பாம்பு வந்துவிட்டது என்று இரண்டு பேர் மேஜை மேல் ஏறிவிட்டார்கள்.

மத்தியானம் மரத்தோடு பயிற்சி. லாபத்திலிருந்து பதினொன்று வரை நிற்பது. பன்னிரண்டில் இழுப்பது. மறுபடி லாபம். யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. வேப்ப மரம் லேசாக முனகியது என்று அமலி சத்தியம் செய்கிறாள்.

ஜனவரி 9, வியாழன்

பயிற்சி பார்க்க மேனேஜர் நல்லசாமி வந்தார். போட்டியில் விசில் ஊதப் போவது அவர்தான். விதிகளைச் சொன்னார். மூன்று சுற்று, இரண்டு ஜெயித்தால் வெற்றி. கையில் எச்சில் துப்பக் கூடாது. கயிற்றை இடையில் விடக் கூடாது. “இழுக்கறப்ப ஆராச்சும் கீழ உக்காந்தா அவுட்டு” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் போகும்போது திரும்பி, “ஏன் ருக்குமணி, ஒரு பக்கமாச் சாஞ்சு நிக்கறே?” என்று கேட்டார். “நங்கூரம் அப்படித்தானுங்க நிக்கும்” என்று சொன்னேன். நல்ல பதில்தான். ஆனாலும் அவர் மறைகிற வரைக்கும் இரண்டு காலையும் நேராக ஊன்றி நின்றேன்.

நான் இப்போது நிற்கிற கடைசி மேஜையில் முன்பு மாராத்தாக்கா என்று ஒருத்தர் இருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கால் வீங்கி வேலைக்கு வந்தார். “உடம்பப் பாத்துக்கிட்டு அப்பறமா வாக்கா” என்று இதே நல்லசாமி அன்பாகத்தான் சொல்லி அனுப்பினார். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்று தெரியவில்லை. மகள் காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அதையும் எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 11, சனி

நாளைக்கு. எல்லோரையும் நேரத்தோடு தூங்கச் சொன்னேன். வயிறு முட்டத் தின்ன வேண்டாம் என்றேன். வளையல் போடக் கூடாது, பூ வைத்துக்கொள்ளலாம் என்றேன். பேண்டேஜ் இரண்டு சுருள் இருக்கிறது, போதும்.

ஜனவரி 12, ஞாயிறு

கயிறு அறுத்த கை எரிகிறது, எழுத்து கோணலாகத்தான் வரும். முழுவதையும் எழுதாமல் இன்று தூங்கப் போவதில்லை.

குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். வீட்டுக்காரர் வெள்ளை வேட்டியில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். தையல்காரிகள் எட்டுப் பேரும் தங்கள் கையாலேயே தைத்த மஞ்சள் சட்டையில் வந்தார்கள். சேலைக்கு மேலே சட்டை. நாங்கள் பழைய சட்டையோடு போனோம்.

முதல் சுற்று. விசில். கோமளம் கூட்டம் ஆவேசமாக இழுத்தது. நாங்கள் நின்றோம். “லாபம், ரெண்டு, மூணு…” கூட்டம் சிரிக்கிறது. சிரிக்கட்டும். ஏழு, எட்டு என்று அழகாகப் போய்க்கொண்டிருந்தது. ஒன்பதில் அமலி எண்ணுவதை நிறுத்திவிட்டாள்.

“எக்கா! கோமளம் காலர்ல தையல் விட்டுருக்கு!”

செக்கிங் கண். என்ன செய்வது? பழுதைக் கண்டால் எண்ணிக்கை நின்றுவிடும், அந்தப் பீஸைத் தனியே எடுத்து வைத்துவிட்டுத்தான் கை அடுத்ததற்குப் போகும். ஏழு பேரும் எட்டிக் காலரைப் பார்த்தார்கள். நானும்தான் பார்த்தேன். நிஜமாகவே நாலு விரல் அளவுக்குத் தையல் விட்டிருந்தது. அதைப் பார்த்து முடிப்பதற்குள் எட்டுப் பேரும் கோட்டுக்கு அந்தப் பக்கம் மண்ணைக் கவ்விக் கிடந்தோம்.

ஜெயித்த கோமளம் கையைத் தூக்கிக் குதிக்கவில்லை. காலரைப் பிடித்துக்கொண்டு, “எங்கடி விட்டிருக்கு? எவடி தெச்சது இத?” என்று தன் ஆட்களைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

நான் எங்கள் ஆட்களைத் திட்டினேன். “ரிஜெக்ட் பண்றதுக்குப் பொங்கல் கழிச்சு வாங்கடி! இப்ப எவளாச்சும் எதுத்தாப்பல பாத்தா கண்ணத் தோண்டிப் போடுவேன். முன்னால நிக்கறவ ஜடையப் பாருங்க. ஜடைய மட்டும் பாருங்க.” முன்னால் நிற்க யாரும் இல்லாத அமலியைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன்.

இரண்டாவது சுற்று. ஜடையைப் பார்த்தோம். நின்றோம். பன்னிரண்டில் இழுத்தோம், ஒரு முழம் வந்தது. அடுத்த பன்னிரண்டில் மூன்று முழம். மூன்றாவது டஜனுக்கு வேலையே இல்லை. கோமளம் உருண்டு எங்கள் பக்கம் வந்துவிட்டாள். தனபாக்கியம் கை கொடுத்துத் தூக்கிவிட்டு, கோமளத்தின் சட்டையில் இருந்த நூலையும் கிள்ளி எடுத்தாள்.

மூன்றாவது சுற்று.

இந்த முறை அவர்களும் புத்தியோடு வந்தார்கள். அவசரப்படவில்லை. இரண்டு பக்கமும் நின்றது. ஒரு டஜன், இரண்டு டஜன், மூன்று. கயிறு இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் ஒரு சாண். நாலாவது டஜனில் என் இடது கால் போய்விட்டது.

பொய் எழுதி என்ன ஆகப் போகிறது. ஒன்றரை வருஷமாக இந்தக் கால் இப்படித்தான். நரம்பெல்லாம் சுருண்டு முடிச்சாக நிற்கிறது. சாயங்காலமானால் காலுக்குள் யாரோ வெந்நீர் ஊற்றுகிறார்கள். பேண்டேஜ் கைக்கு வாங்கியது இல்லை. இன்று கயிறு இடுப்பை இழுக்க இழுக்க, அந்தக் காலை என்னால் உணரவே முடியவில்லை. உட்கார்ந்துவிடு ருக்குமணி என்று உடம்பு கெஞ்சியது. எதிரே நல்லசாமி வாயில் விசிலை வைத்துக்கொண்டு என் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்தால் அவுட்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே எண்ணினேன். “ஒம்பது, பத்து, பதினொண்ணு…” என் குரல் உடைந்ததைக் கேட்டதாலோ என்னவோ, பன்னிரண்டை ஏழு பேரும் தொண்டை கிழியக் கத்தினார்கள். அப்படி ஒரு இழுப்பு எங்களிடம் இருந்தது எங்களுக்கே தெரியாது. மஞ்சள் சட்டைகள் வரிசையாகக் கோட்டைத் தாண்டி வந்து விழுந்தன.

ஜெயித்துவிட்டோம்!

மேடைக்குக் கூப்பிட்டார்கள். சின்ன முதலாளிக்கு ஒரே குஷி. “நிக்கறதுன்னா இப்படி நிக்கோணும்! பாத்தீங்களா, செக்கிங்காரங்களோட பலமே நிக்கறதுதான்! கேளுங்க்கா, என்ன வேணும்?” என்று மைக்கை என்னிடம் நீட்டினார்.

“எட்டு ஸ்டூலுங்க” என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். “அட, இந்த நிலை நிக்கற உங்களுக்கு ஸ்டூலு எதுக்குங்க்கா? உக்கார வெச்சு உங்க பலத்தக் கெடுத்துப் போட்டேன்னு அடுத்த வருசம் என்னையத்தான் சொல்லுவாங்க. வேற ஏதாச்சும் நல்லதாக் கேளுங்க.” கீழே ஒரே சிரிப்பு, கைதட்டல். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்களைப் புகழ்வதாகத்தான் நினைத்தார். அதனால்தான் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

மைக்கைத் தனபாக்கியம் கையில் கொடுத்தேன். மேடையிலேயே குனிந்து, சேலையை முழங்கால் வரை தூக்கி, பேண்டேஜைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தேன். இரண்டு சுருளும் பிரிந்து கீழே விழுந்தன. நீலமும் கறுப்புமாகப் புடைத்த நரம்பு, கணுக்காலுக்கு மேலே ஆறாத புண். முதல் வரிசையில் எங்கள் வீட்டுக்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

“இதானுங்க அந்த பலம்” என்றேன். மைக் இல்லாமலே கேட்டிருக்கும். “ஒன்ற வருசமா மறைச்சு நிக்கறேனுங்க. சொன்னா மாராத்தாக்காவாட்டம் ஊட்டுக்கு அனுப்பிப் போடுவீங்கன்னு பயந்துட்டு.”

நல்லசாமி விசிலைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். சின்ன முதலாளி தன் நாற்காலியைத் தானே இழுத்து வந்து என் பக்கத்தில் வைத்தார். “உக்காருங்க்கா. மொதல்ல உக்காருங்க.”

உட்கார எவ்வளவு ஆசையாக இருந்தது! “எனக்கு மட்டும்னா வேண்டாமுங்க” என்றேன். அமலி வந்து என் தோளை ஒட்டி நின்றாள். அப்புறம் எல்லோரும். கீழேயிருந்து கோமளம் கத்தினாள்: “அதான் கேக்கறாங்கல்லங்க! குடுத்துட்டுப் போங்களேன்! தோத்த நாங்களே சொல்றோம்!”

“பொங்கல் கழியட்டும், பாக்கறேன்” என்றார் முதலாளி. குடுக்கிறேன் என்று சொல்லவில்லை. பாக்கறேன் என்றுதான் சொன்னார்.

ஜனவரி 13, திங்கள்

டாக்டரைப் பார்த்தோம். என்னைவிட எங்கள் வீட்டுக்காரரைத்தான் அதிகம் திட்டினார். திரும்பி வரும்போது இவர் ஆட்டோவை மெதுவாக ஓட்டினார், ஒரு பள்ளத்திலும் விடாமல்.

ஜனவரி 16, வியாழன்

கரும்பு. மகள் என் காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு டிவி பார்த்தாள். வேலை இருக்குமா, போகுமா என்று மூன்று நாளாக மாறி மாறி நினைக்கிறேன்.

ஜனவரி 20, திங்கள்

கம்பெனி திறந்தது. ஒன்பது மணிக்கு நல்லசாமி என்னை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார். திரும்பி வர மாட்டேன் என்று நினைத்து டிபன் பாக்ஸையும் கையோடு எடுத்துக்கொண்டு போனேன். தனபாக்கியம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார். “பிளாஸ்டிக்கு போதுமா, இரும்புல வேணுமா?”

ஸ்டூலைத்தான் கேட்கிறார்! “எதுன்னாலும் சரிங்க, எதுன்னாலும் சரிங்க” என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டேன். டிபன் பாக்ஸை அங்கேயே மறந்துவிட்டேன். உயரம் என்ன என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஜனவரி 23, வியாழன்

காலை பத்தரைக்கு வந்தது. சிவப்புப் பிளாஸ்டிக், எட்டு. ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, கயிறு கட்டி.

மேஜைக்கு ஒன்றாகப் போட்டோம். ஒரே நேரத்தில் உட்கார வேண்டும் என்று அமலி சொன்னாள். பன்னிரண்டு எண்ண எனக்குப் பொறுமை இல்லை, மூன்று எண்ணினேன். உட்கார்ந்தோம்.

மேஜை என் தாடைக்கு வந்தது. தனபாக்கியம் குள்ளம், அவளுக்கு மூக்கு வரைக்கும். குளிக்க உட்காருகிற ஸ்டூலை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள்! பனியனை எடுக்க அமலி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினாள். தையல் ஹால் முழுவதும் மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தது. கோமளம் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

நல்லசாமி ஓடி வந்து தலையில் கை வைத்துக்கொண்டார். “அட ராமா! எந்திரிங்க, எல்லாரும் எந்திரிங்க. இதத் திருப்பிக் குடுத்துட்டு உசரமானதா மாத்திட்டு வரச் சொல்றேன். நாலு நாள் ஆகும், அதுவரைக்கும் சித்த நின்னுக்கங்க.”

மேஜைக்கு மேலே எட்டுத் தலைகள்தான் அவருக்குத் தெரிந்திருக்கும். எட்டுப் பேரும் அவரைப் பார்த்தோம். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.